அடிதடி, வெட்டு வழக்குகளும் தண்டனையும்: வாசகர் கேள்வி – பதில்

வன்னியிலிருந்து வந்த கடிதங்களில் காயப்படுத்தல் வழக்குகள் பற்றியவற்றை இம்முறை சேர்த்து எடுத்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் தருகிறோம்.

மகனுக்குக் கையில் கத்திவெட்டு. முதலில் ஊர் ஆஸ்பத்திரி, பிறகு கிளிநொச்சி, அங்கிருந்து யாழ்ப்பாணம். எலும்பும் வெடித்திருக்கு என்று டொக்டர் சொன்னவர். ஆனால் பொலிஸார் சாதாரண காயம் என்றுதான் கோட்டுக்குப் போட்டிருக்கினம். சனம் ஏதேதோ கதைக்குது. நாங்கள் என்ன செய்யவேணும்?
– ஒரு தாய், விசுவமடு

அம்மா, சனம் கதைப்பதை விடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, பொலிஸாரின் கையில் எந்த மருத்துவ அறிக்கை இருக்கிறது என்பதை.

காயம் சாதாரணமானதா கடுமையானதா என்பதைத் தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவு வரையறுக்கிறது. ஒரு கண்ணின் பார்வையோ ஒரு காதின் கேள்வியோ நிரந்தரமாகக் கெடுதல், உறுப்போ மூட்டோ இல்லாமற் போதல் அல்லது செயலிழத்தல், தலை அல்லது முகத்தில் நிரந்தர விகாரம், எலும்பு, குருத்தெலும்பு, பல் ஆகியவற்றில் வெட்டு அல்லது முறிவு, மூட்டு விலகுதல், உயிருக்கு ஆபத்தான காயம், நெஞ்சு, வயிறு அல்லது மண்டையோட்டைத் திறந்து சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்த காயம், 20 நாட்களுக்குக் கடும் வேதனையில் வைத்த அல்லது வழக்கமான வேலையைச் செய்யவிடாத காயம் ஆகியவை கடுங்காயம். எலும்பில் வெட்டு விழுந்திருந்தாலே போதும், முறிந்து இரண்டாக வேண்டியதில்லை. உங்கள் மகனுக்கு எலும்பு வெடித்தது உறுதியானால் அது கடுங்காயம்தான்.

பிழைக்கிற இடம் பெரும்பாலும் இதுதான். பொலிஸார் சட்டவைத்தியப் பரிசோதனைப் படிவம் ஒன்றைக் கொடுப்பார்கள். வைத்தியர் அதில் காயத்தின் நீளம், ஆழம், இடம், எவ்வகை ஆயுதம் என்பவற்றை எழுதி, சாதாரணம், கடுங்காயம், உயிருக்கு ஆபத்தானது, இயல்பான போக்கில் மரணத்தை விளைவிக்கக்கூடியது என்ற வகைகளில் ஒன்றைக் குறிப்பார். எக்ஸ்ரே எடுக்க முன்னரே, தையல் போட்ட கையோடு நிரப்பிய படிவத்தில் ‘4 சென்ரிமீற்றர் வெட்டு, சாதாரணம்’ என்றுதான் இருக்கும். எலும்பு வெடிப்பு அடுத்த ஆஸ்பத்திரியில் தெரியவரும். அங்கு எடுத்த எக்ஸ்ரேயும் குறிப்புகளும் அங்கேயே கிடக்க, முதற்படிவம் மட்டும் பொலிஸ் கோவைக்குள் போய்விடும். நோயாளி மூன்று ஆஸ்பத்திரி மாறும் வன்னியில் இது அடிக்கடி நடக்கிறது.

ஆகவே மகனின் தேசிய அடையாள அட்டை, டிக்கெட் வெட்டும்போது, அதாவது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடும்போது, தந்த நோய் நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கடைசியாகச் சிகிச்சை நடந்த ஆஸ்பத்திரியின் சட்டவைத்திய அதிகாரியிடம் போங்கள். முன்னைய ஆஸ்பத்திரிகளின் பெயரையும் அனுமதித்த திகதிகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் அனுப்பும் முழுமையான சட்டவைத்திய அறிக்கைதான் நீதிமன்றத்தில் நிற்கும். அதேநேரம், இறுதி அறிக்கை வரும்வரை குற்றச்சாட்டை இறுதியாக்க வேண்டாம் என்று பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். கோட்டில் உங்கள் பக்கம் சட்டத்தரணி ஒருவர் தோன்றலாம். பாதிக்கப்பட்டவருக்கு அந்த உரிமையைக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 260ஆம் பிரிவு தருகிறது. திருத்திய குற்றச்சாட்டு வேண்டும் என்று அவர் மன்றின் கவனத்துக்குக் கொண்டுவரலாம்.

இன்னும் இரண்டு. வைத்தியர் சொல்லமுன் தாங்களாகவே டிக்கெட் வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்கள் ‘20 நாள்’ என்ற கணக்கைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். கிளினிக்குக்குப் போன ஒவ்வொரு நாளும் கொப்பியில் பதியப்பட வேண்டும். அன்று உடுத்திருந்த இரத்தம் பட்ட சேட்டைத் தோய்த்துவிடாதீர்கள். நிழலில் உலரவிட்டு, பொலித்தீன் பையில் அல்ல, கடதாசிப் பையில் போட்டுப் பொலிஸாரிடம் கொடுங்கள். பொலித்தீனுக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடித்தால் அது சான்றாக உதவாது.

கத்தியால் வெட்டினால் 10 வருசம் என்று சட்டம் சொல்லுது என்கிறார்கள். தம்பியை வெட்டியவருக்கு 2 வருசம் கொடுத்து, அதையும் ஒத்திவைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இது என்ன நியாயம்?
– வாசகர், மாங்குளம்

உங்கள் ஆத்திரம் விளங்குகிறது. ஆனால் சட்டத்தில் எழுதியிருக்கும் 10 வருடம் உச்ச வரம்பு. இந்தப் பிரிவுகளில் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை இல்லை.

சாதாரண காயத்துக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவின்படி ஒரு வருடம் வரை. வெட்டும், குத்தும், சுடும் கருவியாலோ மரணம் விளைவிக்கக்கூடிய ஆயுதத்தாலோ தீயாலோ அமிலத்தாலோ சாதாரண காயம் ஏற்படுத்தினால் 315, மூன்று வருடம் வரை. ஆயுதம் இல்லாத கடுங்காயத்துக்கு 316, ஏழு வருடம் வரை. ஆயுதத்தால் கடுங்காயம் என்றால் 317, பத்து வருடம் வரை. கொலைமுயற்சி 300ஆம் பிரிவு: காயம் ஏற்படாவிட்டால் பத்து வருடம் வரை, காயம் ஏற்பட்டால் இருபது வருடம் வரை. 301ஆம் பிரிவு, கொலையாகாத மரணம் விளைவிக்கும் முயற்சி. அதில் காயம் ஏற்பட்டிருந்தால் ஏழு வருடம் வரை.

இனி, எந்த நீதிமன்றம் என்பது முக்கியம். நீதவான் நீதிமன்றம் ஒரு குற்றத்துக்குப் பொதுவாக இரண்டு வருடத்துக்கு மேல் சிறை விதிக்க முடியாது. 317ஆம் பிரிவு வழக்கு நீதவான் முன்னிலையில் விளங்கப்பட்டால், சட்டத்தில் பத்து இருந்தாலும் அவரது கைக்கு எட்டுவது இரண்டுதான். சட்டமா அதிபர் குற்றப்பகர்வுப் பத்திரம் (மேல் நீதிமன்றக் குற்றச்சாட்டுப் பத்திரம்) தாக்கல் செய்து மேல் நீதிமன்றத்துக்குப் போனால் மட்டுமே பெரிய தண்டனைக்கு வழி பிறக்கும். கொலைமுயற்சி எப்போதும் மேல் நீதிமன்றத்தில்தான். ஆகவே கழுத்து, தலை, நெஞ்சு என்று உயிர்நிலையில் விழுந்த வெட்டு 317 என்ற பெயரில் நீதவான் நீதிமன்றத்தில் நிற்கிறது என்றால், பாதிக்கப்பட்டவரின் சட்டத்தரணி அதை வழக்கின் தொடக்கத்திலேயே சட்டமா அதிபருக்கு எழுத வேண்டும். தண்டனை சொன்ன பிறகு கேட்பதில் பலன் குறைவு.

ஒத்திவைத்தல் பற்றி: இரண்டு வருடத்துக்கு மேற்படாத சிறைத்தண்டனையைக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின் கீழ் மன்று ஒத்திவைக்கலாம். ஒத்திவைக்கும் காலம் ஐந்து வருடத்துக்குக் குறையக்கூடாது. அதற்குள் சிறைத்தண்டனைக்குரிய வேறு குற்றம் செய்தால் பழைய தண்டனையும் உயிர்பெறும். குற்றத்தின் பாரதூரம், எதிரியின் (குற்றஞ்சாட்டப்பட்டவரின்) பொறுப்பின் அளவு, முன்னைய குற்றங்கள், குற்றத்தை ஏற்றுக்கொண்டாரா என்பவற்றை நீதிபதி கருத்திற்கொள்ள வேண்டும். ஒத்திவைப்பதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். முன்குற்றம் இல்லாத, முதல் தவணையிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்ட, நட்டஈடு கட்டச் சம்மதித்த ஒருவருக்கு ஒத்திவைத்த தண்டனை கிடைப்பது வழமை. வெட்டுப்பட்டவனின் விரல் மடங்காமல் இருப்பதை யாரும் மன்றில் சொல்லாதபோது அது இன்னும் சுலபமாகக் கிடைக்கும்.

எங்கள் கவலை இதில்தான். குற்றவாளியாகக் கண்ட பிறகு, தண்டனை விதிக்க முன்னர், அந்தக் குற்றம் தன் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று பாதிக்கப்பட்டவர் மன்றுக்குச் சொல்லலாம். தானே சொல்லலாம், சட்டத்தரணி மூலமும் சொல்லலாம். அந்தத் தவணைக்குப் பாதிக்கப்பட்டவர்கள் வருவதே இல்லை. எதிரி பக்கத்தில் மனைவி, பிள்ளைகள், கடன், சுகவீனம் எல்லாம் சொல்லப்படும். இந்தப் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருக்கும். போகும்போது கிளினிக் கொப்பி, சிகிச்சைக்குப் போய்வந்த வாகனக் கூலிச் சிட்டைகள், தொழில் பற்றிக் கிராம அலுவலரின் கடிதம், அரிவு வெட்டுக் காலத்தில் இழந்த நாட்கூலிக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17ஆம் பிரிவின் கீழ் மன்று நட்டஈடு விதிக்கலாம், தவணை முறையிலும் கட்டச் சொல்லலாம். கணக்குக் காட்டினால்தான் தொகைக்கு ஓர் அடிப்படை இருக்கும்.

மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக நட்டஈட்டு வழக்குப் போட விரும்பினால், சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து பலர் அந்தக் காலத்தைக் கடத்திவிடுகிறார்கள்.

பயிருக்குள் மாடு விட்டவரைக் கேட்கப் போனேன். அவர் மண்வெட்டியை ஓங்கினார். நான் பொல்லால் அடித்தேன், அவருடைய கை முறிந்துவிட்டது. இப்போது என் மேல் 316, அவர் மேல் 314. தற்காப்பு என்று சொன்னால் விடுதலையா?
– கமக்காரர், துணுக்காய்

தற்காப்பு உரிமை சட்டத்தில் உண்டு, உடலுக்கும் உண்டு, சொத்துக்கும் உண்டு. ஆனால் தண்டனைச் சட்டக்கோவையின் 92ஆம் பிரிவு அதற்கு வேலி போடுகிறது. பொலிஸாரின் உதவியை நாட அவகாசம் இருந்த இடத்தில் அந்த உரிமை இல்லை. காத்துக்கொள்ளத் தேவையானதைவிட அதிக தீங்கும் செய்யக்கூடாது. தற்காப்பு என்று சொல்கிறவரே அதை நிரூபிக்கவும் வேண்டும். நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் அல்ல, ‘இப்படி நடந்திருக்கவே கூடுதல் வாய்ப்பு’ என்ற அளவுக்கு நிரூபித்தால் போதும்.

மன்று துருவிப் பார்க்கும் விடயங்கள் இவை. பொல்லு உங்கள் கைக்கு எப்படி வந்தது? வீட்டிலிருந்தே கொண்டுபோனீர்களா, வரம்பில் கிடந்ததை எடுத்தீர்களா? மண்வெட்டி அவர் கையில் இருக்கும்போது அடித்தீர்களா, கீழே விழுந்த பிறகா? ஒரு அடியா, பல அடியா? அடி முன்கையில் விழுந்ததா, முதுகிலா? அவர் ஓங்கிய மண்வெட்டி உங்கள் மேல் பட்டிருந்தால் அந்தக் காயமும் உங்கள் படிவத்தில் இருக்க வேண்டும். சிராய்ப்புத்தானே என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டால், ‘அவர் தாக்கவே இல்லை’ என்ற எதிர்த்தரப்பு வாதத்துக்கு உங்களிடம் மறுமொழி இராது. பொலிஸில் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் தற்காப்பைச் சொல்லாமல், வழக்கு விளக்கத்தில் புதிதாகச் சொன்னால் அதன் பெறுமதி பாதியாகிவிடும்.

கடுமையான திடீர் கோபமூட்டலில் ஏற்பட்ட காயங்களுக்கு 325, 326ஆம் பிரிவுகளில் குறைந்த தண்டனை உண்டு. தற்காப்பு நிற்காவிட்டால் உங்கள் சட்டத்தரணி அடுத்ததாக இதைப் பார்ப்பார். இரண்டையும் தொடக்கத்திலேயே அவரோடு பேசிவிடுங்கள்.

இது எல்லாக் கமக்காரருக்கும்: மாடு வயலுக்குள் இறங்கினால் பிடித்துக் கட்டிவிட்டு, கிராம அலுவலருக்கு அறிவித்து, அழிந்த பயிரைப் படமெடுத்து, சேதத்தை மதிப்பிடுவியுங்கள். மாட்டின் சொந்தக்காரரைத் தேடிப் பொல்லோடு போகாதீர்கள். ஒரு போக விளைச்சலைவிடப் பெரிய தொகை கோட்டுச் செலவில் போய்விடும்.

எனக்கு மண்டையில் ஆறு தையல். அடித்தவர் என் மச்சானுடைய சொந்தக்காரர். மத்தியஸ்த சபையில் முடித்துக்கொள் என்று எல்லாரும் நெருக்குகினம். போகாவிட்டால் வழக்குப் போய்விடுமா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

சாதாரண காயம் போன்ற வழக்குகள், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி, கோட்டுக்கு முன் சபைக்குப் போக வேண்டியவை. ஆகவே அழைப்பு வந்தால் போங்கள், தங்கச்சி. போகவேண்டும் என்பதற்காக இணங்கவேண்டும் என்று அர்த்தமில்லை. சபை யாருக்கும் தண்டனை கொடுக்காது, தீர்ப்பும் சொல்லாது. இணக்கம் வந்தால் அதை எழுதிக் கையொப்பம் வாங்கும். வராவிட்டால் ‘இணக்கம் ஏற்படவில்லை’ என்ற சான்றிதழைத் தரும், அதோடு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். சபையில் சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேச வேண்டும்.

இணங்குவதென்றால் எவ்வளவு பணம், எந்தத் திகதிக்குள், யாரிடம், இனித் தொந்தரவு செய்தால் என்ன என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ‘பிறகு தாறன்’ என்ற வாய்வார்த்தையில் கையெழுத்து வைக்காதீர்கள். மண்டை ஸ்கான் முடிவு வரமுன் இணங்கவும் வேண்டாம். தலைக்காயத்தின் உண்மையான பாரம் முதல் வாரத்தில் தெரியாமல் இருக்கலாம். கொலைமுயற்சி வழக்கோ சட்டமா அதிபர் தொடுத்த வழக்கோ இந்தச் சபைக்குரியதல்ல. அப்படிப்பட்ட வழக்கை ‘சபையில் முடிப்பம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வாள்வெட்டு ஒன்றில் என் மகனையும் சேர்த்துப் பிடித்துவிட்டார்கள். அவன் வெட்டவில்லை, மோட்டார் சைக்கிளில் பக்கத்தில் நின்றவன். அவனுக்கும் அதே தண்டனையா?
– ஒரு தகப்பன், வவுனியா

இருக்கலாம், ஐயா. தண்டனைச் சட்டக்கோவையின் 32ஆம் பிரிவின்படி பொதுவான எண்ணத்தோடு பலர் சேர்ந்து செய்த குற்றத்துக்கு ஒவ்வொருவரும் தானே செய்ததுபோலப் பொறுப்பாளி. ஐந்து பேரோ அதற்கு மேலோ என்றால் சட்டவிரோதக் கூட்டம் என்ற குற்றமும் சேரும். அந்தக் கூட்டத்தின் பொது நோக்கத்தை நிறைவேற்றச் செய்த குற்றத்துக்குக் கூட்டத்தில் இருந்த எல்லாரும் பொறுப்பு. வாளைப் பிடித்தவர் யார் என்பது அங்கே இரண்டாம் பட்சம்.

ஆனால் வெறுமனே அங்கே நின்றது மட்டும் போதாது. எண்ணம் பொதுவானது என்று வழக்குத் தொடுநர் காட்ட வேண்டும். முன்கூட்டியே திட்டம் போட்டதற்குத் தொலைபேசி அழைப்பு, ஒன்றாக வந்தது, முகத்தை மூடியது, இயந்திரத்தை நிறுத்தாமல் தயாராக வைத்திருந்தது, வெட்டியவனை ஏற்றிக்கொண்டு ஓடியது, இவையெல்லாம் எண்ணத்தைக் காட்டும். உங்கள் மகன் வெட்டியவனை ஏற்றிக்கொண்டு வந்தவன் என்றால் ‘பக்கத்தில் நின்றவன்’ என்ற வாதம் மெலிந்துவிடும். தெருவில் போனவன் நின்று பார்த்தான் என்றால் அதைக் காட்டக்கூடிய கடைச் சீசீரிவி பதிவை உடனே தேடுங்கள். பல கருவிகள் சில நாட்களிலேயே பழைய பதிவின் மேல் புதியதை எழுதிவிடும். சட்டத்தரணி மூலம் பொலிஸாருக்கு எழுத்தில் கேட்பது அவசரம்.

இந்த வழக்குகள் பெரும்பாலும் அடையாளத்தில்தான் நிற்கின்றன, விழுகின்றன. இரவு, ஹெல்மெட், சில நொடிச் சம்பவம். வெட்டுப்பட்டவர் முதல் முறைப்பாட்டில் தெரிந்தவரின் பெயரைச் சொல்லாமல், பல நாள் கழித்துச் சொன்னால் அந்தத் தாமதத்துக்கு விளக்கம் வேண்டும். தெரியாதவர் என்றால் அடையாள அணிவகுப்பு நடக்கும். அதற்கு முன் சந்தேகநபரின் படம் வட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றிவிட்டால், சாட்சி படத்தைப் பார்த்து அடையாளம் காட்டினார் என்ற வாதத்துக்கு இடம் கொடுத்ததாகிவிடும். இதைப் பாதிக்கப்பட்டவர்களின் உறவினர்களுக்குத்தான் அழுத்திச் சொல்கிறோம்: ஆத்திரத்தில் படம் பகிர்கிறவர்கள், தண்டனை கிடைக்க வேண்டும் என்று துடிப்பவர்களேதான்.

முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினார்கள். விளங்காமல் கையெழுத்து வைத்துவிட்டேன்.
– வாசகர், நெடுங்கேணி

வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ். அரசியலமைப்பின் நாலாம் அத்தியாயம் அதைச் சொல்கிறது. தமிழில் எழுதக் கேட்பது உங்கள் உரிமை. எழுதியதை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லி, திருத்தவேண்டியதைத் திருத்திய பிறகுதான் கையொப்பமிட வேண்டும். இனிச் செய்யக்கூடியது: முறைப்பாட்டு இலக்கத்தைச் சொல்லிப் பிரதி கேளுங்கள், தெரிந்தவரைக் கொண்டு வாசிப்பியுங்கள், விடுபட்டதையும் பிழைத்ததையும் மேலதிக வாக்குமூலமாகத் தமிழில் உடனே கொடுங்கள். பழையதை அழிக்க முடியாது. நாளைக்கு வழக்கில் ‘அன்று ஒன்று, இன்று ஒன்று’ என்று குறுக்கு விசாரணை வரும். அதற்குத் திகதியோடு கூடிய இந்த மேலதிக வாக்குமூலம்தான் பதில்.

பொலிஸார் முறைப்பாட்டையே ஏற்காவிட்டால் மேலதிகாரிக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் நேரடியாகத் தனிப்பட்ட முறைப்பாடும் செய்யலாம்.

பிணையில் வந்தவர் வீட்டு வாசலில் வந்து நின்று மிரட்டுகிறார். சாட்சி சொல்லப் போகப் பயமாக இருக்கிறது.
– வாசகி, மல்லாவி

அதே நாளில் புதிய முறைப்பாடு போடுங்கள். பழைய வழக்கோடு சேர்த்து எழுதிவிடும்படி விடாதீர்கள், தனி இலக்கம் கேளுங்கள். நேரம், சொன்ன வார்த்தை, பார்த்தவர் யார் என்பதைச் சொல்லுங்கள். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி, சாட்சிகளில் தலையிடுதல் பிணையை மறுக்கப் போதிய காரணம். உங்கள் சட்டத்தரணி நகர்த்தல் பத்திரம் (மன்றுக்குக் கொடுக்கும் எழுத்துமூல விண்ணப்பம்) மூலம் அடுத்த தவணைக்குக் காத்திராமல் வழக்கை மேசைக்கு எடுக்கலாம். சாட்சியை மிரட்டுவது, 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கப் பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனியான பாரிய குற்றம். அதன் கீழான தேசிய அதிகாரசபைக்கும் விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணிக்கு வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகுங்கள்.

பயத்தில் கோட்டுக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அழைப்பாணை கிடைத்தும் போகாத சாட்சிக்குப் பிடியாணை வரும். மிரட்டியவருக்கு அதைவிட வசதியான முடிவு இல்லை.

நீதவான் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் கண்டு ஒத்திவைத்த தண்டனை தந்துவிட்டார்கள். நான் செய்யவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகவும் இருக்கிறேன்.
– வாசகர், முழங்காவில்

மேன்முறையீட்டு மனுவை 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும், மாகாண மேல் நீதிமன்றத்துக்கு. ‘உள்ளே போடவில்லைத்தானே’ என்று இருந்துவிட்டு, விசாவுக்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்டபோது ஓடிவருகிறவர்களுக்கு அந்தக் காலம் எப்போதோ கடந்திருக்கும். ஒத்திவைத்தது சிறையைத்தான், குற்றத்தீர்ப்பை அல்ல. அது பதிவில் இருக்கும். தீர்ப்பின் சான்றுப்படுத்திய பிரதிக்கு இன்றே விண்ணப்பித்துவிட்டு, அது கைக்கு வரும்வரை காத்திராமல் மனுவைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.